அரைஞாண் கயிறு சொன்ன சேதி!

வெயிட் மெஷின்ல ஏறி நிக்கறீங்க. முள் சரியான இடத்துல வந்து நிக்குது. 'நமக்கென்ன பாஸ், நாம ஃபிட்!'னு இறங்கிடறீங்க. ஒரு நிமிஷம்... அந்த முள் பாதி உண்மையைத்தான் சொல்லியிருக்கு. மீதிப் பாதி, உங்க இடுப்பைச் சுத்தி ஒளிஞ்சிருக்கு!

முதல்ல ஒரு சின்ன ஃப்ளாஷ்பேக்.

போன ஜனவரி, ஒரு ஞாயித்துக்கிழமை. திருமுல்லைவாயில் சி.டி.எச். ரோடு ஓரமா ஒரு ஜிம்காரங்க ஷாமியானா போட்டு, 'இலவச உடல் பரிசோதனை'னு பேனர் கட்டியிருந்தாங்க. 'இலவசம்'னு பார்த்தா நம்ம கால் தானா நின்னுடுமே! நானும் என் க்ளாஸ்மேட்டும் வரிசையில சேர்ந்தோம்.

எங்க ரெண்டு பேரையும் அறிமுகப்படுத்திடறேன். நான் 172 சென்டிமீட்டர் உயரம், 64 கிலோ. க்ளாஸ்ல என் பேர் 'ஒல்லி'. அவன் 174 சென்டிமீட்டர், 82 கிலோ. அவன் பேர் என்னன்னு நான் சொல்லணுமா? 'குண்டு'தான்! கேன்டீன்ல அவன் ரெண்டாவது பரோட்டாவுக்குக் கை நீட்டினா மொத்த டேபிளும் கமென்ட் அடிக்கும். நான் நாலாவது பரோட்டாவைப் பிச்சுக்கிட்டு இருப்பேன்... என்னை ஒருத்தனும் ஒண்ணும் கேட்க மாட்டான்.

ஷூவைக் கழட்டிட்டு, காலுக்கு ரெண்டு தகடு, கைக்கு ரெண்டு பிடின்னு இருந்த ஒரு மெஷின்ல ஏறினோம். அரை நிமிஷத்துல பிரின்ட்-அவுட் வந்துச்சு. அவன் உடம்புல கொழுப்பு 19 சதவிகிதம். என் உடம்புல... 26!

"டேய் மச்சான், பேப்பர் மாறிடுச்சுடா"ன்னு அவன்கிட்ட சொன்னேன். மாறலை. மறுபடி ஏறினேன். அதே 26. அங்கேயே செல்போன் கால்குலேட்டரை எடுத்துக் கணக்குப் போட்டேன். 64 கிலோவுல 26 சதவிகிதம்னா 16.6 கிலோ. 82 கிலோவுல 19 சதவிகிதம்னா 15.6 கிலோ. அதாவது, சதவிகிதத்துல மட்டும் இல்ல, கிலோ கணக்குலேயும் குண்டுவைவிட ஒல்லிகிட்டதான் கொழுப்பு ஜாஸ்தி! அவன் தினமும் சாயங்காலம் கபடி ஆடறவன். நான் தினமும் சாயங்காலம் கபடி 'பார்க்கறவன்'.

சும்மா சிரிச்சுட்டு வந்திருப்பேன். ஆனா, வீட்டுல ஒரு விஷயம் இருக்கு. எங்க அப்பா அம்பத்தூர் எஸ்டேட்ல லேத் மெஷின்ல வேலை பார்க்கிறவர். என்னை மாதிரியே ஒல்லி. 44 வயசுல அவருக்கு சுகர்னு தெரிஞ்சப்போ, தெருவே கேட்ட கேள்வி, 'இவ்ளோ ஒல்லியா இருக்கிறவருக்கு எப்படிங்க சுகர் வந்துச்சு?' அந்தக் கேள்விக்கு இத்தனை நாளா எங்க வீட்டுல யார்கிட்டேயும் பதில் இல்ல. அந்த பிரின்ட்-அவுட்டைக் கையில வெச்சுக்கிட்டு நின்னப்போதான், பதில் எங்கே இருக்குன்னு எனக்கு லேசாப் புரிஞ்சுது.

முள்ளுக்கு என்ன தெரியும்?

எடையை உயரத்தோட வர்க்கத்தால வகுத்தா வர்றதுதான் பி.எம்.ஐ. இதைக் கண்டுபிடிச்சவர் டாக்டரே இல்ல. அடால்ஃப் கெட்லேங்கிற பெல்ஜியம் நாட்டுக் கணக்கு நிபுணர், 1832-ல மனுஷங்களோட சராசரி அளவைப் படிக்கறதுக்காகப் போட்ட கணக்கு அது. 'பாடி மாஸ் இண்டெக்ஸ்'ங்கிற பேரையே 1972-லதான் ஆன்செல் கீஸ்ங்கிற அமெரிக்க விஞ்ஞானி வெச்சார். கூட்டத்தை அளக்கப் பிறந்த கணக்கை நாம தனி ஆளுக்குப் போட்டுப் பார்க்கறோம். அங்கேதான் சிக்கல்!

இந்தச் சிக்கலை முதல்ல வெளிச்சம் போட்டுக் காட்டினவங்க ஃபுட்பால் பிளேயர்ஸ். 1942-ல ஆல்பர்ட் பென்கேங்கிற அமெரிக்கக் கடற்படை டாக்டர், 25 தொழில்முறை அமெரிக்கன் ஃபுட்பால் வீரர்களைப் பரிசோதிச்சார். ராணுவத்தோட எடை அட்டவணைப்படி அதுல 17 பேர் 'ஓவர் வெயிட், தகுதி இல்ல'! மைதானத்துல மலை மாதிரி மோதறவங்களுக்கு இந்த கதி. பென்கே அவங்களைத் தண்ணிக்குள்ள உட்கார வெச்சு எடை போட்டார். நம்ம ஆர்க்கிமிடிஸ் தத்துவம்தான். கொழுப்போட அடர்த்தி சுமார் 0.9, மத்ததோட அடர்த்தி சுமார் 1.1. கொழுப்பு மிதக்கும், தசையும் எலும்பும் முழுகும். அந்த வித்தியாசத்தை வெச்சு, உடம்புல எது எவ்வளவுன்னு கணக்குப் போட்டுடலாம். வீரர்களோட எடை எல்லாம் தசைன்னு தெரிஞ்சுது. இன்னிக்கு 'பாடி காம்போசிஷன்'னு ஜிம்முக்கு ஜிம் பேனர் தொங்குதே, அதுக்குப் பிள்ளையார் சுழி போட்ட ஆய்வுகள்ல இதுவும் ஒண்ணு.

இதுக்கு நேர் எதிரான கதை நம்ம ஊர்க் கதை. புனேவுல கே.ஈ.எம். ஆஸ்பத்திரி டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டன் டாக்டர் ஜான் யுட்கின்... ரெண்டு பேரும் சேர்ந்து 2004-ல 'லான்செட்' மருத்துவ இதழ்ல ஒரே ஒரு பக்கத்துக்கு ஒரு கட்டுரை போட்டாங்க. பக்கத்துல பக்கத்துல நின்னு போட்டோ. ரெண்டு பேருக்கும் பி.எம்.ஐ. அச்சு அசலா ஒரே 22.3. ஆனா 'டெக்ஸா'ங்கிற எக்ஸ்ரே ஸ்கேன் எடுத்துப் பார்த்தா, யுட்கினுக்குக் கொழுப்பு 9.1 சதவிகிதம். யாஜ்னிக்குக்கு 21.2! தன் உடம்பையே உதாரணமாக் காட்டி 'ஒல்லியா இருக்கிற இந்தியனைப் பார்த்து ஏமாறாதீங்க'ன்னு சொன்னார் மனுஷன். 'ஒல்லிக் கொழுப்பு இந்தியர்'ங்கிற பேச்சு டாக்டர்கள் மத்தியில பிரபலமானதுல இந்தப் படத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

இதுக்கு வேர் எங்கே இருக்குன்னும் யாஜ்னிக் டீம் தேடிச்சு. புனே பக்கத்து கிராமத்துக் குழந்தைகள் பிறக்கும்போது சராசரி எடை 2.7 கிலோ. இங்கிலாந்து சவுத்தாம்டன் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. நம்ம குழந்தைகளுக்குத் தசை, வயித்து உறுப்புகள்னு எல்லாமே குறைச்சல். ஆனா தோலுக்கு அடியில இருக்கிற கொழுப்பு மட்டும் பெருசாக் குறையலை. 2003-ல வெளிவந்த இந்த முடிவைப் படிச்சப்போ, 'அட, தொட்டில்லேயே ஆரம்பிச்சுடுதா!'ன்னு தூக்கிவாரிப் போட்டுச்சு.

அதனாலதான் நமக்குப் பாஸ் மார்க்கே வேற. உலக அளவுல பி.எம்.ஐ. 25-க்கு மேல போனா அதிக எடை, 30-ல இருந்து உடல் பருமன். 2009-ல இந்திய நிபுணர்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல்ல 23-லயே மணி அடிச்சுடறாங்க. 25-லயே பருமன். ஆம்பளைங்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டர், பொண்ணுங்களுக்கு 80... தொட்டா உஷார்! 2025 ஜனவரியில லான்செட் குழு ஒண்ணு, 'பி.எம்.ஐ.யை மட்டும் பார்த்துப் பருமன்னு முடிவு கட்டாதீங்க, இடுப்பையோ கொழுப்பையோ சேர்த்து அளங்க'ன்னே சொல்லிடுச்சு.

மெஷினுக்குள்ளே எட்டிப் பார்ப்போமா?

நான் எலெக்ட்ரிகல் ஸ்டூடன்ட். ஒரு மெஷின் என்னைப் பார்த்து 26-ன்னு சொன்னா, சும்மா விட முடியுமா?

உள்ளே நடக்கறது நம்ம ஓம்ஸ் விதிதான். கால் தகடு வழியா ரொம்பச் சின்னதா, ஒரு மில்லி ஆம்பியரைவிடக் குறைவா கரன்ட் அனுப்பறாங்க. பெரும்பாலும் 50 கிலோ ஹெர்ட்ஸ். நமக்கு ஷாக்கும் அடிக்காது, கூச்சமும் இருக்காது. கொழுப்பு நீங்கலான உடம்புல முக்கால்வாசி கிட்ட, சுமார் 73 சதவிகிதம் உப்புத் தண்ணி. கரன்ட் சுலபமாப் போகும். கொழுப்புல தண்ணி கம்மி, கரன்ட்டுக்கு முட்டுக்கட்டை. அந்தத் தடையை அளந்துட்டா, உடம்புல தண்ணி எவ்வளவு, அதுல இருந்து தசை எவ்வளவு, மீதி கொழுப்பு எவ்வளவுன்னு கணக்கு வருது.

கவனிங்க... மெஷின் நிஜமா அளக்கறது எடையையும் தடையையும் மட்டும்தான். மத்தது எல்லாம் ஃபார்முலா! ஒரு நண்பன் வீட்டுல கால் தகடு மட்டும் இருக்கிற சின்ன மெஷின் ஒண்ணு இருந்துச்சு. அதுல விளையாடிப் பார்த்தோம். வயசை 20-க்குப் பதிலா 45-ன்னு போட்டேன். ஒரே நொடியில என் கொழுப்பு ஏறிடுச்சு! ஒரு லிட்டர் தண்ணி குடிச்சுட்டு உடனே ஏறினேன். வயித்துல இருக்கிற தண்ணியையும் கொழுப்புக் கணக்குல எழுதிடுச்சு. கால்ல இருந்து காலுக்குப் போற கரன்ட் தொப்பையை சரியா எட்டிப் பார்க்கறதே இல்லங்கிறது தனிக் கதை.

அப்ப மெஷின் டுபாக்கூரா? இல்ல பாஸ். அதை எக்ஸாம் மார்க் மாதிரி பார்க்காதீங்க, பஸ் போற திசை மாதிரி பாருங்க. ஒரே மெஷின், காலையில வெறும் வயித்துல, பாத்ரூம் போயிட்டு வந்து, மாசம் ஒரு தடவை. அப்போ எண் ஏறுதா இறங்குதான்னு பார்த்தா உபயோகமான தகவல் கிடைக்கும். ஜிம் முடிச்சு வேர்த்து விறுவிறுத்து ஏறினா, அது சொல்றது எல்லாம் கப்ஸாதான். பேஸ்மேக்கர் வெச்சிருக்கிறவங்க ஏறவே கூடாது. கர்ப்பிணிகளும் தவிர்க்கணும்.

ஆமாம்... அந்த ஷாமியானாவுல அடுத்து என்ன நடந்துச்சுன்னு சொல்லலையே! பிரின்ட்-அவுட் கையில வந்த மறு நிமிஷம், டி-ஷர்ட் போட்ட அண்ணன் ஒருத்தர் ஒரு பெரிய டப்பாவைக் காட்டினார். "ஒரு மாசத்துல எட்டு கிலோ குறைஞ்சிடும் தம்பி, ஸ்டூடன்ட் ஆஃபர் இருக்கு." நான் 64 கிலோ. எட்டு கிலோ குறைஞ்சா 56. எதைக் குறைக்கப் போறார்னு அவரும் சொல்லலை, டப்பாவுலயும் எழுதலை. கையில காசு இல்லாததால தப்பிச்சேன்!

குறைஞ்சது எது?

என் க்ளாஸ்ல ஒரு தோழி. ஒரு கல்யாணத்துக்காகக் காலையில காபி, மத்தியானம் வெள்ளரிக்காய், ராத்திரி பட்டினின்னு ஒரு மாசம் இருந்தா. ஆறு கிலோ குறைஞ்சுது. எல்லாரும் கை கொடுத்தாங்க. ஆனா, மூணாவது மாடி லேபுக்கு ஏற முடியாம நடுப் படியில உட்கார்ந்துட்டா. முடி கொத்துக்கொத்தாக் கொட்டிச்சு. செமஸ்டர் லீவுல போன ஆறு கிலோவும் திரும்பி வந்துச்சு. முன்னாடி இருந்த தெம்பு மட்டும் வரலை.

நடந்தது இதுதான். பட்டினி கிடந்தா முதல் வாரம் போறது பெரும்பாலும் தண்ணி. உடம்பு மாவுச்சத்தை 'கிளைகோஜன்'னு சேர்த்து வைக்கும். ஒவ்வொரு கிராமுக்கும் சுமார் மூணு கிராம் தண்ணி கூடவே ஒட்டிக்கிட்டு இருக்கும். அது கரையும்போது முள் சடார்னு இறங்கும். நாம குஷியாயிடுவோம். அப்புறம் கொழுப்பு கரையும், கூடவே தசையும் போகும். உடற்பயிற்சி இல்லாம வெறும் டயட்ல குறையற எடையில ஏறக்குறைய கால்வாசி கொழுப்பு இல்லாத பாகம்னு பொதுவாச் சொல்வாங்க. திரும்பி வரும்போது கொழுப்பு சுலபமா வந்துடும். தசை உழைச்சாதான் வரும்.

அதுவும் நம்ம பொண்ணுங்க விஷயத்துல இது இன்னும் சீரியஸ். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி, தமிழ்நாட்டுல 15-ல இருந்து 49 வயசு வரைக்குமான பெண்கள்ல பாதிக்கு மேல, 53 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. அதே ஆய்வுல 40 சதவிகிதம் பெண்களுக்கு அதிக எடை. ரெண்டும் ஒரே ஊர்ல, சில சமயம் ஒரே உடம்புல! சாப்பாட்டை நிறுத்தறது எப்படி இதுக்கு மருந்தாகும்? இன்னொண்ணு... பெண் உடம்புக்கு ஆணைவிடக் கூடுதலாக் கொழுப்பு இயற்கையாவே வேணும். பையனோட பிரின்ட்-அவுட்டைப் பார்த்துப் பொண்ணு பயப்படக் கூடாது. எண்ணைப் பார்த்துப் பார்த்து சோறு இறங்கலை, சாப்பிட்டதை வாந்தி எடுக்கத் தோணுதுன்னா, அது டயட் இல்ல தோழி. உடனே ஒரு டாக்டர்கிட்டேயோ கவுன்சலர்கிட்டேயோ பேசுங்க.

நம்ம சென்னையே சொன்ன பாடம்!

'எடை குறையாம நோயை எப்படித் தள்ளி வைக்க முடியும்?'னு கேட்கறீங்களா? சென்னையில டாக்டர் ஏ.ராமச்சந்திரன் தலைமையில நடந்த ஒரு ஆய்வு இதுக்குப் பதில் வெச்சிருக்கு. 2006-ல வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டம். சுகர் வர்றதுக்கு முந்தின படியில நின்ன 531 பேர். எல்லாரும் 35-ல இருந்து 55 வயசுக்காரங்க, ஆபீஸ் போற நடுத்தரக் குடும்பத்து ஆட்கள். அதாவது, நம்ம அப்பா அம்மா! நாலு குழுவாப் பிரிச்சாங்க. ஒரு குழுவுக்கு வழக்கமான பொது அறிவுரை மட்டும். இன்னொரு குழுவுக்கு தினமும் அரை மணி நேரம் வேகநடை, சர்க்கரை, மைதா, எண்ணெய் குறைச்சு நார்ச்சத்து கூட்டின சாப்பாடு. இன்னும் ரெண்டு குழுவுக்கு மாத்திரை... ஒரு குழுவுக்கு அது மட்டும், இன்னொண்ணுக்கு நடையோட சேர்த்து.

மூணு வருஷக் கணக்குல, அறிவுரை மட்டும் கேட்ட குழுவுல 55 சதவிகிதம் பேருக்கு சுகர் வந்துடுச்சு. நடந்து, சாப்பாட்டை மாத்தின குழுவுல 39.3. இதுல ஹைலைட் என்ன தெரியுமா? அந்தக் குழுவோட எடை சொல்லிக்கற மாதிரி குறையவே இல்ல! முள் அசையலை, ஆனா உள்ளே ஏதோ மாறிடுச்சு. சாப்பிட்ட பிறகு ரத்தத்துல ஏறுற சர்க்கரையில பெரும்பங்கை உறிஞ்சறது தசை. வேலை செய்யற தசை நல்லா உறிஞ்சும். வயித்துக்குள்ள, ஈரலைச் சுத்தி உட்கார்ந்திருக்கிற கொழுப்பு இன்சுலினோட வேலையைக் கெடுக்கும். வெயிட் மெஷினுக்கு இந்த ரெண்டுமே தெரியாது.

எங்க தெரு கேட்ட கேள்விக்குப் பதில் இதுக்குள்ளதான் இருக்கு. கையும் காலும் ஒல்லி. தொப்பை மட்டும் சட்டைக்குள்ள. அப்பாவும் அப்படித்தான், நானும் அப்படித்தான்.

பாட்டியோட டெக்னாலஜி

இந்தக் கதையை எல்லாம் வீட்டுல சொன்னேன். பாட்டி அசரவே இல்ல. "உன் அரைஞாண் கயிறு இறுக்குதுன்னு ரெண்டு தடவை மாத்திக் கட்டலையாடா கண்ணு? அப்பவே எனக்குத் தெரியும்"னாங்க. சட்டை, பேன்ட் சைஸை மாத்தலாம். பெல்ட்ல புது ஓட்டை போடலாம். அரைஞாண் கயிறு மட்டும் பொய் சொல்லாது!

அந்தக் கயிறு கொஞ்சம் கீழே இறங்கி நிக்கும், அதனால கணக்குக்கு ஒரு நூலை எடுங்க. உங்க உயரத்துக்கு வெட்டுங்க. ரெண்டா மடிங்க. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பு மேட்டுக்கும் நடுவுல, மூச்சை விட்டுட்டு, வயித்தை எக்காம சுத்துங்க. ரெண்டு முனையும் தொட்டுடுச்சா? சபாஷ். தொடலையா? வேலை இருக்கு. பிரிட்டனோட 'நைஸ்' அமைப்பும் 2022-ல 'இடுப்பு உயரத்துல பாதிக்குள்ள இருக்கட்டும்'னுதான் சொல்லிச்சு. எனக்குப் பாதி 86. இடுப்பு 89! 90-க்கு உள்ளே இருக்கேன்னு இந்திய அளவுகோல்ல தப்பிச்சாலும், நூல்கிட்ட மாட்டிக்கிட்டேன். 'குண்டு'வுக்குப் பாதி 87, இடுப்பு 86. அவன் பாஸ்!

இன்னொரு டூலும் நம்ம சென்னைத் தயாரிப்புதான். டாக்டர் வி.மோகன் குழு 2005-ல வெளியிட்ட 'இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண்'. நாலே கேள்வி. வயசுக்கு அதிகபட்சம் 30 மார்க், இடுப்புக்கு 20, அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் சுகர்னா 20, உடல் உழைப்பே இல்லாம உட்கார்ந்தே இருந்தா 30. மொத்தம் 100. 60 தொட்டா ஆபத்து அதிகம், ரத்தப் பரிசோதனை அவசியம். கவனிச்சீங்களா? பெத்தவங்ககிட்ட இருந்து வர்றதைவிட, உட்கார்ந்தே கிடக்கறதுக்கு மார்க் ஜாஸ்தி! எதை மாத்த முடியுமோ, அதுக்குத்தான் வெயிட்டேஜ்.

என்ன பண்ணலாம்?

ஜிம்முக்குக் கட்டக் காசு இல்லையா? நானும் உங்க கட்சிதான்.

* வாரத்துக்கு 150 நிமிஷமாவது வேகநடையோ சைக்கிளோ ஆட்டமோ. கூடவே வாரத்துக்கு ரெண்டு நாளாவது தசைக்கு வேலை. உலக சுகாதார நிறுவனம் 2020-ல சொன்ன கணக்கு இது. தண்டாலும் பஸ்கியும் ஃப்ரீ!

* ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் புரதம்னு நம்ம தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல சொல்லியிருக்கு. 60 கிலோ ஆளுக்கு 50 கிராம். ஒரு முட்டையில சுமார் 6 கிராம். ஒரு கைப்பிடி கொண்டைக்கடலையை ஊறவெச்சு சுண்டல் பண்ணினா கிட்டத்தட்ட 10 கிராம். பருப்பு, தயிர், வேர்க்கடலை, மீன்... டப்பா பவுடரைத் தவிர்க்கச் சொல்லி 2024 வழிகாட்டுதல்லயே எழுதிட்டாங்க.

* தட்டுல சோத்து மலையைக் கொஞ்சம் சரிச்சு, அந்த இடத்தைக் கூட்டு, பொரியல், சுண்டலுக்குக் கொடுங்க. பட்டினி வேணாம்.

* மாசம் ஒரு தடவை நூல். வசதி இருந்தா மெஷின். தினமும் முள்ளைப் பார்க்கிற வேலையே வேணாம்.

இப்போ எங்க வீட்டு நிலவரம். நாலு மாசமா அப்பாவும் நானும் விடியற்காலையில மாசிலாமணீஸ்வரர் கோயில் வரைக்கும் வேகமா நடந்து போயிட்டு வர்றோம். முதல் வாரம் நான்தான் "அப்பா, கொஞ்சம் மெதுவா வாங்க"ன்னு மூச்சு வாங்கினேன். சாயங்காலம் கபடி கிரவுண்டுல 'குண்டு' எனக்கு தண்டால் வாத்தியார். இதுவரைக்கும் என் எடை? 64-ல இருந்து 64.5. ஏறியிருக்கு! முள்ளை மட்டும் பார்த்தா நான் ஃபெயில். இடுப்பு 89-ல இருந்து 85. நூலோட ரெண்டு முனையும் தொட்டுக்கிட்டு, கொஞ்சம் மிச்சமும் இருக்கு.

போன வாரம் பாட்டி கண்ணு என் இடுப்புப் பக்கம் போச்சு. "கயிறு தொளதொளன்னு ஆயிடுச்சேடா... ஒழுங்கா சாப்பிடறியா இல்லையா?"ன்னு ஒரே கவலை. ரெண்டு முட்டை வெச்சுட்டுதான் நகர்ந்தாங்க. 'குண்டு'வை நாங்க இப்போ அப்படிக் கூப்பிடறதில்ல. 'மாஸ்டர்'!

சரி, நீங்க? நூல் எங்கே இருக்குன்னு அம்மாகிட்ட கேளுங்க. உங்களை அளந்ததும் அப்படியே அப்பாவையும் கூப்பிட்டு நிக்க வெச்சு அளந்துடுங்க. அவரும் ஒல்லிதானேன்னு விட்டுடாதீங்க!